வாளியில் நிற்கும் சூலம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கண்ணுகளுக்கு, உங்கள் பழைய மேஸ்திரி எழுதுவது.

போன வாரம் மாலை போட்டு, சால்வை போர்த்தி என்னை வழியனுப்பி வைத்தீர்கள். மனசு நிறைந்தது. ஆத்தா அங்காளம்மன் உங்கள் எல்லோரையும் நன்றாக வைக்கட்டும். ஆனால் நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏனுங்க, அந்தச் சூலத்தை யாருங்க பெயிண்டு வாளில நட்டு வெச்சது? சாமின்னு நெனச்சாங்களா, ரோசாச்செடின்னு நெனச்சாங்களா?"

இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. மணல் நிரப்பிய வாளியில் சூலம் நிற்பதைப் பார்த்தால் எவருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். அதை அப்படி நட்டவன் நான்தான். ஏன் நட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காளப்பநாயக்கன்பட்டிக்காரன். இந்த வேலைக்கு வரும் முன்பு ரோடு போட்டிருக்கிறேன், கிணறு வெட்டியிருக்கிறேன், தடுப்பணை கட்டியிருக்கிறேன். எந்த வேலையானாலும் தொடங்கும் முன் ஈசானிய மூலையில் குலசாமியின் சூலத்தை நடுவேன். இரும்புச் சூலம், இடுப்பு உயரம், அடிமுனை கடப்பாரை போலக் கூராக இருக்கும். தண்டில் குங்குமம் பூசி, எலுமிச்சம்பழம் குத்தி, சூடம் கொளுத்துவேன். மூன்றாம் நாள் நானே என் கையால் பிடுங்கி ஊட்டுக்கு எடுத்துப் போவேன். இருபது வருசமாக இதில் மாற்றமே இல்லை. என் கீழ் வேலை செய்த ஒருவருக்கும் ஒரு விரல்கூட நசுங்கியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அந்தப் பழக்கத்தோடுதான் நம்முடைய குப்பைத் தளத்துக்கும் வந்தேன்.

நீங்கள் இப்போது பார்க்கும் பச்சை மேடு அன்றைக்கு வெறும் பள்ளம். அதற்கு முன்பெல்லாம் மலைக்கு வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் பாட்டில், தட்டு, பை எல்லாவற்றையும் வாரி ஓடைச் சரிவில் கொட்டிவிடுவார்கள். காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு ஏறி வந்த சாமான், திரும்ப எழுபது வளைவு இறங்கிப் போகுமா? மழை பெய்தால் அதில் ஊறி வடிகிற கறுப்புத் தண்ணீர் கீழே முப்பது ஊடு இருக்கிற சிற்றூரின் ஊற்றுக்குப் போகும். அந்த ஊற்றைத்தான் அவர்கள் குடிக்கிறார்கள். ஆடு மாடும் அதைத்தான் குடிக்கிறது.

அதனால் முறையாக ஒரு தளம் கட்ட முடிவானது. அடியில் களிமண்ணை இடித்து இறுக்கினோம். அதன்மேல் கனமான கறுப்பு ஷீட்டை விரித்து, மூட்டுக்கு மூட்டு சூட்டில் ஒட்டினோம். ஷீட்டுக்குக் கல் குத்தாமல் இருக்கக் கம்பளி மாதிரி ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் ஒரு முழம் ஜல்லி, ஜல்லிக்குள் ஓட்டை போட்ட குழாய்கள். கறுப்புத் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத் தனித் தொட்டிக்குப் போய்விடும். கீழ்ச் சரிவில் தண்ணீரை எடுத்துச் சோதித்துப் பார்க்க ஒரு கிணறு. இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது படத்தில் இல்லாதது.

வேலை தொடங்கும் முன்பு அந்த ஊர் அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அதிகாரிகள் இதே படத்தை விரித்துக் காட்டினார்கள். கூட்டத்திலிருந்து பாப்பாயி என்கிற அம்மா எழுந்தார். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடியானவப் பெண். சத்தம் போட்டுப் பேச மாட்டார், ஆனால் விட மாட்டார்.

"படம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா படம் வந்து எங்க தண்ணியக் குடிக்காதுங்களே. ஒரு ஆளு சொல்லட்டும், ஒரு சொட்டும் கீழ எறங்காதுன்னு."

அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் எழுந்தேன். யாரும் என்னை எழச் சொல்லவில்லை. சன்னதியில் எரிந்துகொண்டிருந்த சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, "ஒரு சொட்டு எறங்காதுங்க, நான் பொறுப்பு" என்று சத்தியம் செய்தேன். பாப்பாயி என்னை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஊர்க்காரர்களின் சம்மதக் கையெழுத்து கிடைத்தது.

ஆறு மாத வேலை முடிந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் லாரி உள்ளே வர வேண்டும், பெரிய அதிகாரிகள் வந்து தொடங்கி வைப்பார்கள் என்று ஏற்பாடு. முந்தின வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் சூலத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினேன்.

அடியில் ஷீட் இருப்பது எனக்குத் தெரியாதா? விரித்ததே நான்தான். ஈசானிய மூலையில் ஜல்லி இன்னும் பரப்பாமல் இடுப்பு உயரத்துக்குக் குவித்துக் கிடந்தது. அந்தக் குவியலில் நட்டால் சூலம் ஜல்லியிலேயே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் குவியலின் உச்சியில் ஏறினால் கால் சரிகிறது என்று ஓரத்தில் நின்று நட்டேன். ஓரத்தில் ஒரு முழம்தான் இருந்திருக்கிறது. இறக்கும்போது ஒரு இடத்தில் நின்றது. பெரிய கல் போலிருக்கிறது என்று சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினேன். பொதக்கென்று இறங்கியது. பூமாதேவி ஏற்றுக்கொண்டாள் என்று கண்ணில் நீர் வரக் கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிடுங்கப் போனேன். சூலம் நட்ட இடத்தில் இல்லை. குவியலும் இல்லை. தரை முழுக்க ஜல்லி சீராகப் பரவியிருந்தது. பொக்லைன் ஓட்டும் செல்வராசு சனிக்கிழமை சாயங்காலம் மிச்ச ஜல்லியைப் பரப்பும்போது, வழியில் நின்ற சூலத்தைப் பிடுங்கிக் கரைமேல் ஒரு சாக்கை விரித்து மரியாதையாகச் சாய்த்து வைத்திருக்கிறான். நட்டவன் கையல்லாமல் இன்னொருவன் கை பட்டுவிட்டதே என்றுதான் முதலில் எனக்குக் கோபம் வந்தது. எடுத்துத் துண்டால் துடைத்தேன்.

துடைத்த பிறகுதான் துண்டைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் களிமண்.

நம் மலை மண் சிவப்பு. சாம்பல் களிமண் இந்த மலையிலேயே கிடையாது. அது கீழே ஏரியிலிருந்து லாரி லாரியாக நாங்கள் ஏற்றிக் கொண்டுவந்து ஷீட்டுக்கு அடியில் போட்டது. ஷீட்டுக்கு அடியில் மட்டும்தான் போட்டது.

சாக்கின் மேலேயே உட்கார்ந்தேன். ஒளிக்காமல் எழுதுகிறேன் கண்ணுகளா, அந்த நேரத்தில் என் மனசு பேசிய பேச்சு இதுதான். விரல் தடிமன் ஓட்டைதானே. அடியில்தான் களிமண் இருக்கிறதே. ஆத்தா பேரால் நட்டது, அவள் பார்த்துக்கொள்ளமாட்டாளா? நாளைக்குக் காலையில் குப்பை விழுந்துவிட்டால் அப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாது. சூலத்தைத் துண்டில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஊற்றைத் தாண்டித்தான் பாதை போகிறது. பாப்பாயி குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, நாளைக்குத் தொறக்கறீங்களாமா? மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது. நில்லுங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

சொம்பை நீட்டினார். கையில் வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. சூடத்தை அடித்த அதே கையில் அந்தச் சொம்பு கனத்தது.

"இப்ப வேண்டாமுங்க. வந்து குடிக்கறேன்."

"தண்ணிக்குக் கூட நாள் பாக்கோணுமா சாமி!" என்று அவர் சிரித்தார். நான் வண்டியைத் திருப்பினேன்.

எங்கள் இன்ஜினியர் மேடம் நாகர்கோவில் பக்கத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஞாயிறு, அவர் சர்ச்சில் இருந்தார். பூசை முடியும் வரை நான் வாசலில் நின்றேன், துண்டில் சுற்றிய சூலத்தோடு. மூன்று முனையும் துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வெளியே வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

மேடம் வந்து பார்த்தார். "என்ன மேஸ்திரி, சூலத்தோட சர்ச்சுக்கு வந்திருக்கீங்க? சண்டைக்கா?"

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஆனால் திட்டவில்லை. "முனையில மண் இருந்துச்சுன்னு சொல்றீங்க. எங்கே?"

"தொடச்சுப்போட்டனுங்க."

"எதால?"

துண்டை விரித்துக் காட்டினேன். விரலால் அந்தச் சாம்பல் கறையைத் தேய்த்து, மோந்து பார்த்தார். "துவைக்காம கொண்டாந்தீங்களே, அதுவே போதும். எவ்வளவு ஆழம் இறங்கிச்சு? எந்த இடம்? வேற யாருக்குத் தெரியும்?" இந்த மூன்றைத்தான் கேட்டார். ஏன் நட்டாய், உனக்கு அறிவு இல்லையா என்று கேட்கவே இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் நான் அழுதுகொண்டு நின்றிருப்பேன், வேலை நடந்திருக்காது. பிற்பாடு இந்தத் தளத்துக்கே நான் பொறுப்பான பிறகு எத்தனையோ பேர் தப்பைக் கேட்டிருக்கிறேன். அந்த மூன்று கேள்விக்கு மேல் நான் கேட்டதில்லை.

ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு போன் போட்டார். அந்தப்பக்கம் சத்தமாகப் பேசியது எனக்கே கேட்டது. "ஒரு ஆணி ஓட்டைக்கா மேடம்? அடியில களிமண் இருக்குல்ல? அதிகாரிங்க வராங்க, விடுங்க."

மேடம் அமைதியாகச் சொன்னார். "ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னுதான் ரெண்டு போட்டோம். ஒண்ணு போனது தெரிஞ்சே குப்பை போடறதுக்கு இல்ல. தண்ணி ஓட்டையைத் தேடிக்கிட்டுத்தான் வரும், வருசம் பூரா வரும். இடம் கிடைச்சு அடைக்கிற வரைக்கும் லாரி கேட்டுக்கு வெளியே நிக்கும்."

போனை வைத்துவிட்டுக் கிழக்கே பார்த்தார். மலைக்கு மேல் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதம். மழை இறங்கி ஜல்லியில் தண்ணீர் தேங்கிவிட்டால் ஓட்டையைத் தேடவும் முடியாது, ஒட்டவும் முடியாது.

இடம் எங்கே? இரண்டு அறை அகலத்துக்குள் எங்கோ ஒரு விரல் ஓட்டை, அதன்மேல் ஒரு முழம் ஜல்லி. பொக்லைனை விட முடியாது. மண்வெட்டி, கடப்பாரை எதுவும் ஆகாது. இரும்பு பட்டால் இன்னும் பத்து ஓட்டை விழும். கையால்தான் ஜல்லியை அள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள்.

"பக்கத்துல ஆள் கிடைக்கிற இடம் கீழ் ஊர்தான்" என்றார் மேடம். "ஆனா சொன்னா அவங்களுக்குத் தெரிஞ்சிரும். நான் போய்ப் பேசட்டுமா?"

"சத்தியம் பண்ணுனது நானுங்க. நானே போறேன்."

பாப்பாயி ஊட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முறம் நின்றுவிட்டது.

"சாமிக்குச் சூலம் நட்டீங்களா, எங்க ஊத்துக்குச் சூலம் குத்துனீங்களா?" என்றார்.

முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

"சூடத்த அடிச்சப்பவே நெனச்சேன், ரொம்ப வேகமா அடிக்கறாரேன்னு. அதுக்குத்தான் காலைல தண்ணி எறங்கலையாக்கும்?"

"ஆமாங்க."

பாப்பாயி எழுந்தார். பிறகு முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்து ஊட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ புள்ளைங்களா, கூடைய எடுத்துக்கிட்டு வாங்க. மேஸ்திரி சாமிய எங்கயோ தொலச்சுப்போட்டாராமா, தேடோணும்!"

எட்டுப் பெண்கள் வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கி, மூலையிலிருந்து வரிசையாக உட்கார்ந்து ஜல்லியைக் கையால் அள்ளிக் கூடையில் போட்டார்கள். நானும் மேடமும் கூடை சுமந்தோம். மேடம் சர்ச்சுக்குக் கட்டியிருந்த வெள்ளைப் புடவையோடு சுமந்தார். செல்வராசுவும் செய்தி கேட்டு வந்துவிட்டான். தினமும் என்னைப் பூசாரி பூசாரி என்று கூப்பிட்டு வம்பிழுக்கிறவன், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கூடை தூக்கினான். என்மேல் கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜல்லி போன இடத்தில் வெள்ளைத் துணி தெரிந்தது. ஒவ்வொரு சாணாகத் தடவிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. மேகம் மலையின் பாதிக்கு இறங்கிவிட்டது. இரண்டு தூறல் விழுந்து நின்றது. எனக்கு வாயில் ஆத்தா பெயரைத் தவிர வேறு வார்த்தை இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். காலையில் "நீ மறைத்துவிடு" என்று வேண்டிக்கொண்ட அதே ஆத்தாவிடம், இப்போது "நீ காட்டிவிடு" என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"இங்க வாங்க" என்றார் பாப்பாயி. "உங்க சாமி பொட்டு வெச்சிட்டுப் போயிருக்குது."

வெள்ளைத் துணியில் ஒரு சிவப்பு வட்டம். நடுவில் துளை. சூலத் தண்டில் நான் பூசிய குங்குமம், துணியைத் துளைத்துக்கொண்டு போகும்போது ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. துணியை விலக்கினால் கறுப்பு ஷீட்டில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. மேடம் அதைச் சுற்றிச் சாக்பீஸால் பெரிதாக வட்டம் போட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். நான் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டேன்.

எழுந்தபோது செல்வராசு எதிரில் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"மேஸ்திரி… மேக்கு ஓரத்துலயும் கொஞ்சம் அள்ளிப் பாக்கோணுமுங்க."

"ஏன்டா?"

"நேத்துப் பொழுதோட அக்கா ஊட்டுக் காதுகுத்துக்குப் போற அவசரம். சுத்திக்கிட்டு வர சோம்பேறித்தனப்பட்டு, ஜல்லி கம்மியா இருந்த எடத்துல மெசினத் திருப்பிப்போட்டனுங்க. சக்கரத்துல என்னமோ வெள்ளையா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பிச்சு எறிஞ்சிட்டு ஓடீட்டேன்."

பாப்பாயி கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மேற்கு ஓரத்துக்கு நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

அங்கே இருந்தது ஓட்டை இல்லை கண்ணுகளா, கிழிசல். முழங்கை நீளம். என்னுடையது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை அதன்மேல் குப்பை விழுந்திருந்தால் எந்தச் சாமி வந்தாலும் எடுத்திருக்க முடியாது.

பொழுது சாயும் முன்பு இரண்டு இடத்தையும் தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் மண்மூட்டை அடுக்கினோம். அன்றிரவு மழை கொட்டியது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஷீட் ஒட்டுகிறவர் மலையேறி வந்தார். துடைத்துக் காயவைத்து, ஒட்டுப் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சிப் பார்த்தார். கசிவு இருந்தால் சோப்பு குமிழி விடும். ஒரு குமிழி வரவில்லை. லாரிகள் கேட்டுக்கு வெளியே ஒரு நாள் முழுக்க நின்றன. வந்த அதிகாரிகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வாசலூர்பட்டி ஏரியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஒப்பந்தக்காரரின் ஆள் என்னையும் செல்வராசுவையும் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பச் சொன்னார். மேடம் அறிக்கை எழுதி எங்கள் முன்னாலேயே படித்தார். சேதம் செய்தவர்கள் என்று எங்கள் இருவர் பெயரும் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், தாங்களாக வந்து சொன்னவர்கள் என்று மறுபடியும் எங்கள் பெயரே இருந்தது. "ரெண்டு வரியையும் சேர்த்துப் படிச்சிட்டு அனுப்பணும்னா அனுப்பட்டும்" என்றார். யாரும் அனுப்பவில்லை. செல்வராசு இப்போது உங்களுக்கு மெசின் கற்றுக்கொடுக்கிறான். திருப்பும்போது பக்கத்தில் நின்று கத்துகிறானே, அது இதனால்தான்.

அன்றிலிருந்து நம் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயும் முன்பு யார் வந்து எந்தத் தப்பைச் சொன்னாலும் அதற்குத் திட்டு கிடையாது. எங்கே, எவ்வளவு, யாருக்குத் தெரியும், அவ்வளவுதான். என்னிடம் வந்து சொன்னவர்கள் நிறையப் பேர். மண் மூடாமல் விட்டது, குழாயை மிதித்து நசுக்கியது, சோதனைக் கிணற்றின் மூடியைத் திறந்து வைத்தது. ஒவ்வொன்றும் அன்றைக்கே சரியானது. அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன், நம் தளம் நல்ல தளம். ஷீட் நல்ல ஷீட் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

சூலத்தை நான் நிறுத்தவில்லை. புதுப் பள்ளம் திறக்கும்போதெல்லாம் நட்டேன், வாளியில். முதல் தடவை வாளியில் மணல் கொட்டும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக நட்டதைப் பிடுங்காமல் உங்களிடமே விட்டு வந்திருக்கிறேன். உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் வணங்குங்கள், இல்லாவிட்டால் சிரியுங்கள். வாளியை மட்டும் மாற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மழைக்காலம் முடிந்ததும் சோதனைக் கிணற்றுத் தண்ணீரின் முடிவு காகிதத்தில் வரும். அதைக் கீழ் ஊரில் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். பாப்பாயி வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார், படிக்க மாட்டார். ஊற்றில் ஒரு சொம்பு மொண்டு, பொறுப்பில் இருக்கிற ஆளிடம் நீட்டுவார். குடித்து முடிக்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இத்தனை வருசம் நான் குடித்தேன், ஒரு மடக்கும் மீதி வைக்காமல்.

இந்த வருசம் அந்தச் சொம்பு உங்கள் கைக்கு வரும்.